உப்புக்கு மேல் நிற்கும் நன்னீர்: யாழ்ப்பாணப் பயணக் குறிப்புகள்

மார்ச் 6, வியாழன் – காங்கேசன்துறை, கீரிமலை

கப்பலை விட்டு இறங்கும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்து வெயில்தான், ஆனால் காற்றில் உப்பு கூடுதல். துறைமுகத்து வாசலில் நின்ற ஓட்டோக்கார அண்ணை, "கீரிமலைக்குத்தானே? ஏறுங்கோ, பாத்துத் தாங்கோ" என்றார். கடைசியில் எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்கு வழியெல்லாம் கதை சொன்னார், அது தனி லாபம்.

போகும் வழியில் பழைய சீமெந்து ஆலை. 1950இல் தொடங்கி, போர் வந்து 1990இல் நின்றுபோனது. ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய கிடங்குகள் இன்னும் வாயைத் திறந்தபடி கிடக்கின்றன. "இது வெறும் கல் எண்டு நினைச்சு வெட்டினவை. எங்களுக்கு இதுதான் தண்ணித்தொட்டி" என்றார் அண்ணை. ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி அவர் சொன்ன அந்த ஒரு வரியை விளங்கிக்கொள்ளத்தான் மீதி நாளெல்லாம் சுற்றினேன் என்று இப்போது தோன்றுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. இருப்பது வழுக்கையாறு ஒன்று, அதுவும் மழைக்காலத்தில் மட்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி நிற்கிறது. அந்தக் கல்லுக்குள் கீழிருந்து கடல்நீரும் புகுந்திருக்கிறது. நன்னீர் எடை குறைவு என்பதால், ஆறிய ரசத்தில் தெளிவு மேலே நிற்கிற மாதிரி, உப்பு நீருக்கு மேல் நிற்கிறது. இந்த ஊரின் குடிநீர், தோட்டம், கோவில் கேணி எல்லாம் அந்தத் தெளிவை நம்பித்தான்.

கீரிமலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கேணியின் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அலை அடிக்கிறது. இந்தப் பக்கம் நிலத்துக்குள்ளிருந்து ஊறி வரும் நீரில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். இறங்கிக் குளித்தேன். ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். லேசான உவர்ப்பு, ஆனால் கடல் அல்ல. கப்பல் களைப்பு அத்தனையும் அங்கேயே போய்விட்டது.

கொக்குவிலில் தங்கும் வீட்டில் இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும். வீட்டுக்கார அக்கா, "வெட்கப்படாமல் சாப்பிடுங்கோ" என்று மறுபடி மறுபடி வைத்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் நல்ல கிணறு இருக்கிறது, பூவரசு நிழலில், கப்பி கயிறோடு. ஆனால் குடிக்க வைத்தது வெளியில் வாங்கிய தண்ணீர். இருபது லிட்டர் அறுபது ரூபாயாம். "முந்தி இந்தக் கிணத்தில அள்ளித்தான் குடிச்சனாங்கள். இப்ப குளிக்க மட்டும்" என்றார்.

மார்ச் 7, வெள்ளி – நிலாவரை

காலையில் கொக்குவில் சந்தியில் இடியப்பம், சம்பல், ஒரு பிளேன்ரீ. எல்லாம் சேர்த்து இருநூற்று எண்பது. பிறகு பஸ் பிடித்து நவக்கிரிக்குப் போனேன். அங்கேதான் நிலாவரைக் கிணறு. இராமர் அம்பு விட்டுத் தோண்டினார் என்று கதை. அடி காணமுடியாத கிணறு என்று பேர். பார்க்க ஒரு சதுரக் குளம் மாதிரி, கரும்பச்சையாக, அசையாமல் இருக்கிறது. மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு.

கிணற்றுக்கு எதிரே வெங்காயத் தோட்டம். செம்மண் அப்படியொரு சிவப்பு, செருப்பெல்லாம் குங்குமமாகிவிட்டது. அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஐயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வரப்பில் உட்காரச் சொல்லி, பக்கத்து வீட்டிலிருந்து மோர் வாங்கிக் கொடுத்தார். அவர் சின்ன வயதில் துலா மிதித்தவராம். ஒருவர் துலாவில் ஏறி நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும் வரை இறைப்பு.

"மனுசன் எவ்வளவு இறைப்பான்? களைச்சால் நிப்பாட்டுவான். கிணறும் ஊறிக்கொள்ளும். மெசினுக்குக் களைப்பு இல்லைத்தானே தம்பி."

நீரியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அவர்களுடைய கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே கிட்டத்தட்ட நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வருகிறது. மேலே ஓரடி குறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரலாம். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் திசை இதுதான். உப்பு மட்டுமா? தோட்டத்துக்குப் போடும் யூரியாவும், நெருக்கமாக இருக்கும் மலசலகூடக் குழிகளும் அதே வெடிப்பு வழியாக அதே தண்ணீரில் சேர்கின்றன. இங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பது பல காலமாகத் தெரிந்த செய்தி.

ஐயாவிடம் கேட்டேன், உரத்தைக் குறைக்க முடியாதா என்று. "குறைச்சால் விளைச்சல் குறையும். வெங்காய விலையை ஆர் கூட்டித் தாறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இயற்கையைக் காப்பது பற்றிப் பேசும் பல கூட்டங்களில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. விளைபொருளின் விலையைப் பேசாமல் நிலத்தடி நீரைப் பேசுவதில் அர்த்தம் இல்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 8, சனி – பண்ணைப் பாலம், மண்டைதீவு

விடியற்காலை பண்ணைத் தாம்போதியில் நடந்தேன். இரண்டு பக்கமும் பரவைக்கடல், முழங்கால் அளவு ஆழம்தான் இருக்கும். தடிகள் நட்டுக் கட்டிய களங்கண்ணி வலைகள் வரிசையாகத் தெரிகின்றன. மண்டைதீவுப் பக்கம் திரும்பியதும் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு. பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து, பொடி இறால்களையும் பாசியையும் வடிகட்டித் தின்றபடி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. இந்தப் பருவத்தில் எங்கள் கோடியக்கரையிலும் பூநாரை இறங்கும். 1971இல் ஈரானின் ராம்சார் நகரத்தில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் கோடியக்கரை 2002இல் சேர்ந்தது. இந்தப் பக்கம் மன்னாரின் வங்காலை 2010இல் சேர்ந்தது. இரண்டு நாட்டுப் பட்டியல், நடுவில் ஒரே பாக்கு நீரிணை.

கரையோரம் கண்ணா மரங்கள். ஒரு இலையைப் பறித்து வெயிலில் பிடித்தால் மேல்புறத்தில் பொடிப்பொடியாக உப்பு மின்னுகிறது. நாக்கு நுனியில் வைத்தேன், சுள்ளென்றது. வேர் உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. சேற்றிலிருந்து விரல் உயரத்துக்கு நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். அவற்றுக்கிடையே நண்டுக் குஞ்சுகளும் கூனி இறால் அளவுகூட இல்லாத இறால்களும் ஓடுகின்றன. இங்கே வளர்வதுதான் நாளை சந்தைக்கு வரும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் கண்டல், அதாவது இந்தக் கண்ணா போன்ற அலையாத்தி மரங்கள், நடுவது ஒரு பெரிய இயக்கமாகவே நடந்தது. 2017இல் வந்த ஓர் ஆய்வு 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் பிழைத்தது இருநூற்றுச் சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. நடக்கூடாத இடத்தில், அலையும் நீர்மட்டமும் பார்க்காமல், கைக்குக் கிடைத்த கண்டல் கன்றை நட்டதும், நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததும்தான் காரணம். நடுவதைப் படம் எடுக்கிறோம், மூன்றாம் ஆண்டு போய்ப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரிலும் இதே கதைதான். நீரோட்டத்தைத் திறந்துவிட்டு, இருக்கிற மரத்தை வெட்டாமல் விட்டாலே பல இடங்களில் காடு தானாக வரும்.

மதியம் மண்டைதீவில் வலை சீர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிடம் ஊசியை நிறுத்தினார்.

"இண்டைக்குச் சனிக்கிழமை. இரவு உங்கட றோலர் வரும். அதால நான் வலை போடப் போகேல்லை."

கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. திங்கள், புதன், சனி என்று நம் பக்கத்து இழுவைப் படகுகள் கடலுக்குப் போகும் நாட்களை அவர் மனப்பாடமாகச் சொன்னார். அந்த நாட்களில் வலை விரித்தால் வலையே மிஞ்சாது. ஒரு வலை அறுந்தால் லட்சக்கணக்கில் கடன். இழுவை மடி கடலின் அடியை உழுதுகொண்டு போகிறது. சாதாளை என்கிற கடற்புல் வேரோடு பிய்கிறது, குஞ்சும் முட்டையும் சேர்ந்து வருகின்றன. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கிறது. "அந்த ரெண்டு மாசமும் எங்களுக்குப் பெருநாள்" என்றார் அவர்.

அதே 2017இல் பாக்கு நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 2,000 படகு இலக்கு. இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவித்தோம். நானே அன்று மகிழ்ந்து நண்பர்களுக்குச் சொன்னவன். கடற்பசு தின்பது கடற்புல். காப்பகத்துக்குள் புல்லைக் காத்துவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் அதே புல்லை நம் படகே உழுதுவிட்டு வந்தால், அந்த ஆவுளியா எங்கே போய் மேயும்?

எழுந்தபோது அவர் என்னை விடவில்லை. அவர் வீட்டில் ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்வது. நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, காரம் கண்ணில் நீர் வரவழைக்கும் கூழ். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கையில் தந்தார்கள். பணம் எடுத்தேன், அவருடைய அம்மா முகம் மாறிவிட்டது. மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு – நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து படகு. ஞாயிறு என்பதால் அடைசல். காற்று தூக்கிப் போட்டதில் பாதி வழியில் எனக்கு வயிறு புரட்டியது. எதிரே இருந்த பாட்டி ஒன்றும் பேசாமல் மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி நீட்டினார். இறங்கும் வரை அதை மோந்துகொண்டே வந்தேன்.

நெடுந்தீவில் வேலி எல்லாம் பவளப் பாறைக் கல். சாந்து இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். பெருக்க மரத்தையும் கோட்டையையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் மட்டக்குதிரைகளைப் பார்க்கத்தான் போனேன். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து விட்டவை, இப்போது காட்டுக்குதிரையாகவே திரிகின்றன. வற்றத் தொடங்கிய ஒரு குட்டையைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. தாய்க்குதிரை ஒன்றின் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. குட்டி அதன் வயிற்றடி நிழலில் நின்றது. கடும் வறட்சி ஆண்டுகளில் இங்கே குதிரைகள் தண்ணீர் இல்லாமல் செத்திருக்கின்றன.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. குட்டைக்குப் பக்கத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "குதிரையைக் காக்கவேணும், ஓம். ஆனா எங்கட மாட்டுக்கும் அதே புல்லுத்தான், அதே தண்ணிதான். எங்களையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்." 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள், 2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் முப்பது சதவீதத்தைப் பாதுகாப்போம் என்று ஒப்புக்கொண்டன. நல்ல முடிவு, நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அந்த முப்பதுக்குள் இந்த அக்காவின் குட்டையும் வரும். அவரைக் கேட்டுப் போடும் எல்லைக்கும் கேட்காமல் போடும் எல்லைக்கும் உள்ள வித்தியாசம் குதிரைக்குத்தான் முதலில் தெரியும். குட்டையைத் தூர்வாரப் போகிறவர் அவர்தான், வேறு யாரும் அல்ல.

திரும்பும் படகு காற்றால் தாமதம். குறிகட்டுவான் வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. இருட்டில் நின்றவனை நயினாதீவுக் கோவிலுக்குப் போய் வந்த ஒரு குடும்பம் தங்கள் வேனில் ஏற்றிக்கொண்டது. வழியில் வடையும் கச்சானும் வேறு. கொக்குவில் ஒழுங்கை முனை வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஊருக்குப் போய் எங்களை மறந்திடாதேங்கோ" என்றார்கள்.

மார்ச் 10, திங்கள் – மணற்காடு, தாளையடி, சுண்டிக்குளம்

மோட்டார் சைக்கிள் வாடகை நாளுக்கு 2,500 ரூபாய். பருத்தித்துறையில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிழக்குக் கரையைப் பிடித்தேன். மணற்காட்டில் வெண்மணல் மேடுகள், மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள், ஓரமாகச் சவுக்கந்தோப்பு. மணல்மேட்டின் அடிவாரத்தில் ஊர்க்காரர்கள் தோண்டிய சின்னக் கிணற்றில் நீர் ஆள் ஆழத்துக்குள் தெரிகிறது. கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் இனிப்பு நீர். மழையைப் பிடித்துக் கடலைத் தள்ளி வைப்பது இந்த மணல்தான். அதைத்தான் டிராக்டரில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். மேட்டின் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி நேராக நின்றது, சக்கரத் தடம் புதிது.

செம்பியன்பற்றுப் பக்கம் பின்சக்கரம் பஞ்சர். நிழல் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன் கேட்காமலே பின்னால் இருந்து தள்ளினான். ஒட்டுப்போடும் கடைவரை வந்துவிட்டுத்தான் போனான். ஒட்டுக்கு முந்நூறு.

தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம். நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் நன்னீர். தாகத்தில் இருக்கும் ஊருக்கு இது தேவைதான், மறுக்கமாட்டேன். ஆனால் குடாநாட்டில் நூற்றுக்கணக்கில் குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன. மழையை இலவசமாக நிலத்துக்குள் இறக்கிய குளங்கள் அவை. மின்சாரம் செலவழித்துக் கடலைப் பிழிவதோடு அவற்றையும் வெட்டி ஆழப்படுத்தினால்தான் கிணறு பிழைக்கும்.

சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. மாலை வெயிலில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கரண்டிவாயன்களும் ஒன்றையொன்று இடிக்காமல் மேய்ந்தன. கரண்டிவாயன் அலகை இடவலமாக நீரில் வீசி வீசி நடப்பதை வெகுநேரம் பார்த்தேன். இங்கும் மீனவர்கள் சொன்னது நெடுந்தீவு அக்கா சொன்னதுதான்: எல்லைக் கல் எங்கே நடுவார்கள் என்பது நட்ட பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய் – தொண்டைமானாறு

சந்நிதி கோவில் மடத்தில் மதியச் சாப்பாடு. யார் என்று கேட்காமல் இலை போடும் இடம். சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய், பாயாசம். சாப்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் தடுப்பணைக்கு நடந்தேன். வடமராட்சிக் கடல்நீரேரி கடலைச் சந்திக்கும் வாய் இது. இங்கே கதவை மூடி மழைநீரைத் தேக்கினால் நீரேரி மெல்ல நன்னீராகும், சுற்றியுள்ள கிணறுகளின் உவர்ப்பு குறையும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் ஆனையிறவு வரை நீட்டிப் போட்ட 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் அடிப்படையும் இதுதான். முழுதாக நிறைவேறவே இல்லை.

அணைக்குக் கீழே வீச்சுவலையோடு நின்றவர் வேறு கணக்கு சொன்னார். "கதவைப் பூட்டினால் தோட்டக்காரருக்கு நல்லது. இறால் குஞ்சு உள்ள வராது. நாங்கள் எங்க போறது?" இரண்டு பேர் சொல்வதும் நியாயம். முழு நீரேரியையும் நன்னீராக்குவதை விட, மழை முடிந்து சில மாதம் தேக்கி, இறால் குஞ்சு உள்ளே வரும் பருவத்தில் கதவைத் திறந்துவிடுவதே சரி என்று எனக்குப் படுகிறது. அந்தப் பருவம் எது என்று பொறியியலாளரை விட வீச்சுவலைக்காரருக்கு நன்றாகத் தெரியும். கதவின் சாவி வைத்திருக்கும் குழுவில் அவரும் நவக்கிரி ஐயா போன்ற ஒருவரும் உட்கார வேண்டும்.

நாளைக்குக் கப்பல். மல்லிப்பட்டினத்தில் என் சித்தப்பா மகனுக்கு ஒரு இழுவைப் படகு இருக்கிறது. பங்குக்காரர் இரண்டு பேர், பாங்க் கடன் இன்னும் பாக்கி. ஊர் போனதும் அவனிடம் மண்டைதீவுக்காரர் சனிக்கிழமை வலை போடப் போகாத கதையைச் சொல்லப் போகிறேன். சூரைப் படகுத் திட்டத்தின் விண்ணப்பத்தையும் கையோடு எடுத்துப் போவேன். கடனுக்கு என்ன வழி என்று அவன் கேட்பான். அதற்கு மீன்வளத்துறை அலுவலகத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.